10 கட்டிலுக்கு 31 நர்சு!

மணிமங்கலத்தில் "ஷிப்டு" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இரவும் பகலும் ஓடும் யந்திரத்துக்கு ஓர் ஆள் போதாது. 3 ஷிப்டுக்கு 3 பேர் வேண்டும். அவர்கள் ஓய்வு எடுக்கும் நாளுக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறவர்களை வைத்திருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் இங்கே ஆள் குறைந்தால் நிற்பது யந்திரம் அல்ல, மூச்சு!

கையால் மூச்சு

1952-ம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. நோயாளிகளால் மூச்சு விட முடியவில்லை. டாக்டர் இப்சன் என்பவர் ஒரு வழி கண்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி, நுரையீரலுக்குக் காற்று செலுத்தினார். ஆனால் அமுக்கும் கை ஓயக்கூடாதே! சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக அமுக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதை இதுதான்.

இப்போது பையை அமுக்கும் வேலையை வெண்டிலேட்டர் செய்கிறது. ஆனால் குழாயில் சளி அடைத்தால் அதை எடுக்கக் கை வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டிக் குறைக்கவும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கவும் ஆள் வேண்டும். ஒருவருக்குச் சளி எடுக்கும்போது அடுத்தவருக்கு மூச்சு முட்டினால்?

அதனால்தான் வெண்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்சு என்பது விதி. சற்றுத் தேறிய இருவருக்கு ஒருவர் போதும்.

கணக்கு இதோ

10 கட்டிலில் 6 பேர் வெண்டிலேட்டரில் இருந்தால் 6 நர்சு. மற்ற 4 பேருக்கு 2 நர்சு. ஒரு ஷிப்டுக்கு 8 பேர். 3 ஷிப்டுக்கு 24. ஓய்வு, விடுப்பு, பிரசவம், காய்ச்சல் எல்லாம் உண்டே! அதற்காக 30 சதவீதம் கூட்டச் சொல்கிறது இந்திய நர்சிங் கவுன்சில். ஆக 31-க்கும் மேல்!

டாக்டர் கணக்கு என்ன? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் உழைத்தால் மூன்றரை டாக்டர் வேண்டும். அரை டாக்டரை எங்கே தேடுவது? நாலு பேர் வேண்டும். லீவையும் சேர்த்தால் ஐந்து.

2020, 2021-ல் கொரோனா வந்தபோது வெண்டிலேட்டர்களை விமானத்தில் கொண்டு வந்து இறக்க முடிந்தது. நர்சுகளை அப்படி இறக்க முடியவில்லை. வெண்டிலேட்டர் நோயாளியைத் தனியாகக் கவனிக்க ஒருவர் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

சாலை விபத்தில் அடிபட்டவரைச் செங்கற்பட்டுக்கோ சென்னைக்கோ கொண்டு போகிறவர்கள், "கட்டில் காலி இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். கட்டில் கண்ணெதிரே காலியாகக் கிடக்கும். ஆனாலும், "இடம் இல்லை" என்று பதில் வருவது உண்டு. அந்தக் கட்டிலுக்கு அன்று இரவு நர்சு இல்லை.