செதுக்காமல் வளர்ந்த எஞ்சின்

2024ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் ஒரு ராக்கெட் எஞ்சின் 665 விநாடிகள் இடைவிடாமல் எரிந்தது. அது பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் பயன்படும் பி.எஸ்.4 எஞ்சின். செயற்கைக்கோளை உரிய பாதையில் கொண்டுபோய் விடும் கடைசி வேலை இந்த எஞ்சினுடையது. பல ஆண்டுகளாகப் பறந்து வரும் எஞ்சின்தான். ஆனால் அன்று சோதிக்கப்பட்டது உருவான விதமே வேறு.

வழக்கமான முறையில் இந்த எஞ்சினை 14 பகுதிகளாகச் செய்து, 19 இடங்களில் வெல்டிங் செய்து இணைப்பார்கள். அதற்கு 565 கிலோகிராம் உலோகக் கட்டிகளும் தகடுகளும் தேவைப்பட்டன. புதிய முறையில் எஞ்சின் ஒரே துண்டாக வந்தது. செலவான உலோகத் தூள் 13.7 கிலோகிராம் மட்டுமே! தயாரிக்கும் காலமும் 60 சதவீதம் குறைந்தது.

மாணவர்களே, இந்த இரண்டு எடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் உலோகம் மிச்சம். அப்படியானால் முன்பு அவ்வளவு உலோகமும் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் இன்றைய தொழிற்சாலைகளில் பரவி வரும் ஒரு புதிய உற்பத்தி முறையின் அடிப்படை விளங்கிவிடும்.

கழித்தலும் கூட்டலும்

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும் பாறையில் வேண்டாததை எல்லாம் நீக்கி, வேண்டியதை மட்டும் சிற்பி நிற்க வைத்தான். இது கழித்தல் முறை. லேத் பட்டறையிலும் இதுவேதான் நடக்கிறது. சுழலும் இரும்புத் தண்டின்மீது வெட்டுளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது. வளைவும் குழிவும் மிகுந்த ஒரு பொருளைக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்தால், பொருளைவிடச் சீவலே பல மடங்கு இருக்கும். நமது கேள்விக்கு விடை இதுதான். அந்தச் சீவலை மறுபடி உருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கும் எரிபொருளும் உழைப்பும் வேண்டும்.

கிராமத்து வீடுகளில் தானியம் சேர்த்து வைக்கும் மண் குதிர் இதற்கு நேர்மாறானது. களிமண்ணால் ஒரு வளையம் வைத்து, அது சற்றுக் காய்ந்ததும் அதன்மேல் அடுத்த வளையம் வைத்து, ஆள் உயரத்துக்கு எழுப்புவார்கள். தேவையான இடத்தில் மட்டும் மண் சேர்கிறது. வெட்டி எறிய எதுவும் இல்லை. இது கூட்டல் முறை. புதிய உற்பத்தி முறையும் இப்படிக் கூட்டிக்கொண்டே போவதுதான். அதை அடுக்கு முறை உற்பத்தி என்று சொல்லலாம். மக்கள் வழக்கில் அதன் பெயர் 'முப்பரிமாண அச்சு' அல்லது 'த்ரீ-டி பிரிண்டிங்'.

ஒளியால் இறுகிய கிண்ணம்

இந்த எண்ணம் ஒருவருக்கு மட்டும் தோன்றியதன்று. 1980-81ஆம் ஆண்டுகளில் ஜப்பானின் நகோயா நகரத் தொழில் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹிடியோ கொடாமா, ஒளி பட்டால் இறுகும் பிசினைக் கொண்டு அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் முறையை விளக்கி எழுதினார். ஆயினும் அதற்கு அவர் காப்புரிமை பெற முடியாமற் போயிற்று.

அமெரிக்காவில் சார்லஸ் ஹல் என்பவர், புற ஊதாக் கதிர் பட்டால் இறுகும் பிசினை மேசைகளுக்கு மேற்பூச்சாகப் பூசும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். மெல்லிய பூச்சு ஒன்று இறுகுமானால், அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மற்றொன்று என்று இறுக வைத்தால் என்ன? 1983இல் அவர் இவ்வாறு ஒரு சிறு கிண்ணத்தைச் செய்து காட்டினார். 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1986இல் பெற்றார்.

அதே காலத்தில் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கார்ல் டெக்கார்டு, பிசினுக்குப் பதிலாகத் தூளைப் பரப்பி லேசரால் ஒட்ட வைக்கலாம் என்று கண்டார். 1990களின் நடுவில் ஜெர்மனியின் ஆகென் நகர ஆய்வாளர்கள் உலோகத் தூளையே முழுமையாக உருக்கி உறைய வைக்கும் முறையை வளர்த்தார்கள். மகேந்திரகிரி எஞ்சின் இந்த வழியில் வந்ததே.

பொருளைச் சீவிப் பார்த்தல்

அடுக்கி எழுப்புமுன் ஒவ்வோர் அடுக்கின் வடிவமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. முதலில் பொருளின் முழு உருவமும் கணிப்பொறியில் வரையப்படுகிறது. பிறகு அந்த உருவம், வெள்ளரிக்காயை வட்ட வட்டமாக நறுக்குவதுபோல, மிக மெல்லிய கிடைமட்டத் தட்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நீங்கள் புவியியல் பாடத்தில் படித்த சம உயரக் கோடுகளும் இத்தகையவைதாம்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு குன்றின் சம உயரக் கோடுகளை அட்டையில் படியெடுத்து, ஒவ்வொரு கோட்டின் வழியாகவும் வெட்டி, அட்டைகளை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். குன்று எழும்பிவிடும், ஆனால் அதன் சரிவு படிக்கட்டுப்போல இருக்கும். தடித்த அட்டைக்குப் பதில் மெல்லிய அட்டைகளை எடுத்து, கோடுகளையும் நெருக்கமாக வரைந்தால் படிகள் சிறுத்துச் சரிவு வழவழப்பாகும். ஆனால் வெட்டி ஒட்டும் வேலை கூடிவிடும். அடுக்கு முறை உற்பத்தியின் நன்மையும் தொல்லையும் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடுகின்றன.

தூள் உலோகமாகும் விதம்

உலோக அச்சுப் பொறியின் உள்ளே ஓர் உலோகப் பீடம் இருக்கிறது. அதன்மேல் மாவுபோன்ற உலோகத் தூளை ஒரு தகடு சீராகப் பரப்புகிறது. தூள் அடுக்கின் கனம் சுமார் 0.05 மி.மீ.; தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு என்றே சொல்லலாம். கணிப்பொறி காட்டும் வடிவத்தின் வழியே லேசர் கதிர் ஓடுகிறது. அது பட்ட இடத்தில் தூள் உருகி, நகர்ந்தவுடன் உறைந்து, கீழ் அடுக்கோடு ஒன்றாகிவிடுகிறது. பீடம் ஓர் அடுக்குக் கனத்துக்குக் கீழே இறங்குகிறது. மறுபடி தூள், மறுபடி லேசர். சூடான உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடாமல் இருக்க, அறை முழுவதும் ஆர்கான் வாயு நிரப்பப்பட்டிருக்கும்.

லேசரின் திறன் 300 வாட் என்று கொள்வோம். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் திறன்கூட இதைவிட அதிகம்! பின் எப்படி உலோகம் உருகுகிறது? கதிர் விழும் புள்ளியின் விட்டம் 0.1 மி.மீ. என்றால் அதன் பரப்பு 0.00785 சதுர மி.மீ. 300ஐ இதனால் வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 38,000 வாட் கிடைக்கும். நண்பகல் வெயில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குத் தருவது சுமார் 0.001 வாட்தான். ஆகவே அந்தப் புள்ளியில் விழும் ஆற்றல் வெயிலைப்போல் கிட்டத்தட்ட 4 கோடி மடங்கு.

இன்னொரு கணக்கும் போடுவோம். 30 செ.மீ. உயரமுள்ள பொருளுக்கு 0.05 மி.மீ. வீதம் 6,000 அடுக்குகள் வேண்டும். ஓர் அடுக்குக்கு அரை நிமிடம் என்றால் 50 மணி நேரம். இரவும் பகலும் பொறி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

உளி எட்டாத இடம்

உலோகம் மிச்சமாவது மட்டுமே இந்த முறையின் சிறப்பன்று. ராக்கெட் எஞ்சின் பலவற்றில் எரியறையின் வெப்பம் 3,000 டிகிரி சென்டிகிரேடைத் தொடும். எரியறைச் சுவருக்குப் பயன்படும் நிக்கல் கலவை உலோகங்களோ 1,400 டிகிரியை எட்டுமுன்பே உருகிவிடும். ஆகவே சுவரின் உள்ளேயே நுண்ணிய கால்வாய்கள் அமைத்து, எரியப் போகும் எரிபொருளை முதலில் அவற்றின் வழியே ஓடவிட்டுச் சுவரைக் குளிர்விப்பார்கள். சுவரோடு வளைந்து செல்லும் அந்தக் கால்வாயை எந்தத் துளைப்பான் கொண்டு குடைவது? முன்பு சுவரை இரண்டு பகுதிகளாகச் செய்து, ஒன்றில் பள்ளம் வெட்டி, மற்றொன்றால் மூடி இணைத்தார்கள். அடுக்கு முறையில் இந்தச் சிக்கலே இல்லை. கால்வாய் வர வேண்டிய இடத்தில் லேசர் படாமல் விட்டால் போதும்; உருகாத தூளைப் பிறகு வெளியேற்றிவிடலாம்.

2016இல் பயணத்துக்கு வந்த லீப் என்னும் விமான எஞ்சினின் எரிபொருள் தூவி முனை, முன்பு ஏறத்தாழ 20 பகுதிகளாக இருந்தது. அச்சு முறையில் ஒன்றாயிற்று. எடையும் கால் பங்கு குறைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சின் பொருத்திய சோதனை ராக்கெட்டை 2024 மே 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது.

உள்ளே இருப்பதை எப்படி நம்புவது?

வெல்டிங் செய்த இணைப்பில் பிழை இருந்தால் அது இன்ன இடத்தில் இருக்கும் என்று தேடலாம். 19 இணைப்புகளையும் சோதித்தால் போதும். ஒரே துண்டாக அச்சிட்ட பொருளிலோ ஆயிரக்கணக்கான அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் ஓர் இணைப்புத்தானே! பிழை எங்கும் ஒளிந்திருக்கலாம்.

லேசரின் ஆற்றல் குறைந்தால் தூள் அரைகுறையாக உருகி இடையே வெற்றிடம் விழும். மிகுந்தாலோ உலோகம் கொதித்து, அதன் ஆவி உள்ளே குமிழாகச் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பாக்கெட்டின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால் அங்கிருந்து எளிதில் கிழிகிறதல்லவா? அதுபோல எஞ்சின் அதிரும்போது இந்த நுண்குமிழிலிருந்து வெடிப்புத் தொடங்கலாம். மேலும், புதிய அடுக்கு குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது; கீழே உறைந்த அடுக்கு அதைச் சுருங்க விடுவதில்லை. இந்த இழுபறியால் பொருளுக்குள் தகைவு தங்கிவிடுகிறது. கவனிக்காவிட்டால் பொருள் கோணிவிடும். சில வேளை விரிசலும் விடும்.

இவற்றுக்குத் தீர்வுகள் உண்டு. பீடத்திலிருந்து பிரிக்குமுன் பொருளைச் சூடாக்கித் தகைவைத் தணிக்கிறார்கள். 1,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு அழுத்தமுள்ள ஆர்கான் வாயுவில் வைத்து நுண்குமிழ்களை நசுக்கி மூடுகிறார்கள். மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போலவே எக்ஸ் கதிரால் உட்புறத்தை ஆராய்கிறார்கள்.

இவ்வளவும் செய்த பின்னும், எஞ்சினை எரித்துப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை. பி.எஸ்.4 எஞ்சினில் முதலில் எரியூட்டாமல் திரவம் பாயும் விதத்தை அளந்தார்கள். பிறகு நான்கு முறை, மொத்தம் 74 விநாடிகள் எரித்தார்கள். அதன் பின்னரே 665 விநாடி சோதனை நடந்தது. எதிர்பார்த்த அளவுகள் யாவும் சரியாக வந்தன. வழக்கமான பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளில் இந்த எஞ்சினைச் சேர்க்கும் திட்டத்தை இஸ்ரோ அறிவித்தது.

எதற்கு ஏற்றது?

இனி எல்லாப் பொருள்களையும் இப்படியே அச்சிட்டுவிடலாமா? முடியாது. ஒரு லட்சம் பிளாஸ்டிக் வாளிகள் வேண்டுமானால், ஒருமுறை அச்சு செய்துகொண்டு அதில் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்துவதே மலிவு. ஒரு வாளி இரண்டொரு நிமிடங்களுக்குள் வந்துவிடும். மோட்டார் பம்பின் கூட்டுக்கு வார்ப்பு முறையே போதும். சிக்கலான வடிவம், குறைந்த எண்ணிக்கை, ஆளுக்கு ஆள் மாறும் அளவு ஆகியவை உள்ள இடங்களே அடுக்கு முறைக்கு உரியவை. காதுக்குள் பொருத்தும் கேட்புக் கருவியின் ஓடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் காதைப்போல் மற்றொருவர் காது இருப்பதில்லை.

தொழிலாளர் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 19 இணைப்புகள் மறைந்தன என்றால், அவற்றை இணைத்த கைத்திறனுக்கும் அங்கே வேலை இல்லை என்று பொருள். அதே சமயம், அடுக்கு முறைக்கு ஏற்ப வடிவமைப்பவரும், தீப்பற்றக்கூடிய நுண்தூளை மூச்சில் ஏறாமல் பாதுகாப்பாகக் கையாள்பவரும், அச்சிட்ட பொருளின் துளைகளையும் விளிம்புகளையும் லேத்திலும் மில்லிங் பொறியிலும் கடைந்து துல்லியமாக்குபவரும் தேவைப்படுகிறார்கள். உலோகத்தின் குணம் அறிந்தவருக்கு இந்தத் தொழிலிலும் இடம் உண்டு.

பொறி தானாக ஓடினாலும், அது செய்த பொருளை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்ல ஆள் வேண்டும். உருகுதல், உறைதல், சுருங்குதல், தகைவு என்று நீங்கள் வகுப்பில் படிக்கும் பாடங்கள்தாம் அவருக்கும் துணை.