இருபது டிகிரி அறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் அளவு பார்ப்பதற்கென்றே தனி அறை இருக்கும். வெளியே 35 டிகிரி வெயில் கொளுத்தினாலும் அந்த அறைக்குள் 20 டிகிரிதான். அந்தக் குளிர் எஃகுக்குத் தேவை.

சூடு ஏறினால் எஃகு நீளும். 100 மில்லிமீட்டர் எஃகுத் தண்டு, 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் சுமார் 17 மைக்ரான் நீண்டுவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எஞ்சினுக்குள் ஒட்டி உரசி ஓடும் பாகங்களுக்கு இது பெரிய வித்தியாசம். அதனால் மெஷினிலிருந்து சூடாக இறங்கிய பாகத்தை நன்றாக ஆறவிட்டே மைக்ரோமீட்டர் கருவியில் பிடிப்பார்கள். அளவு சரிபார்க்கும் ஸ்லிப் கேஜ் கட்டைகளைக் கையுறை போட்டுத்தான் தொடுவார்கள். விரல் சூடே அளவைக் கெடுத்துவிடும்! நீளம் அளக்க 20 டிகிரிதான் பொது வெப்பநிலை என்று 1931-லேயே சர்வதேச அளவில் முடிவாகிவிட்டது.

எடைக்கும் இப்படி ஓர் ஆதாரம் உண்டு. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் இந்தியாவின் கிலோகிராம் படி. உலோகம் காலப்போக்கில் நுட்பமாக மாறக்கூடியது என்பதால், 2019 மே 20 முதல் உலகம் முழுவதும் கிலோகிராமை பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணைக் கொண்டு வரையறுக்கிறார்கள்.

இந்த ஆதாரத்தோடு ஒத்துப்போக வேண்டிய தொழிற்சாலைத் தராசில் ஒட்டியிருக்கும் காலிபரேஷன் சீட்டில் அடுத்த சோதனைத் தேதி இருக்கும். அது தாண்டிவிட்டால், தராசு சரியாகவே காட்டினாலும் அந்த அளவை ஏற்கமாட்டார்கள்.