கடலுக்கடியில் ஒரு நெட்வொர்க்

நம் வீட்டுக்கு வரும் பிராட்பேண்ட் போல, கடலின் தரைக்கும் ஓர் இணைப்பு உண்டு என்றால் நம்புவீர்களா? நான் வியந்த அந்த நெட்வொர்க்கைப் பற்றிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ஓரிகன் கரையிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் கடலுக்கடியில் ஓர் எரிமலை உள்ளது. பெயர் ஆக்சியல் சீமவுண்ட். 2011 ஏப்ரலில் இது வெடித்தது. அங்கு வைத்திருந்த கருவிகள் பேட்டரியில் இயங்கி, அனைத்தையும் தம் மெமரியில் பதிந்து கொண்டன. ஆனால் ஜூலையில் கப்பல் போன பிறகுதான் வெடித்த செய்தியே விஞ்ஞானிகளுக்குத் தெரிந்தது!

2014-ல் நிலை மாறியது. கரையிலிருந்து எரிமலை வரை போடப்பட்ட கேபிள் இயங்கத் தொடங்கியது. கருவிகளுக்கு மின்சாரம் போவதும், டேட்டா கரைக்கு வருவதும் இந்த ஒரே கேபிளில்தான். பேட்டரி தீரும் கவலை இல்லை.

2015 ஏப்ரல் 24 அன்று எரிமலை மீண்டும் வெடித்தது. ஒரே நாளில் சுமார் 8,000 நில அதிர்வுகள் பதிவாயின. தரை சுமார் 2.4 மீட்டர் கீழிறங்கியது. தரை இறங்கினால் அதன் மேல் நிற்கும் நீரின் அழுத்தம் கூடும். அதை அளந்தே இதைக் கண்டுபிடித்தனர். இம்முறை விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. நடக்கும்போதே கம்ப்யூட்டர் திரையில் பார்த்தனர்.

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: இந்த டேட்டாவை எவரும் இலவசமாகப் பெறும்படி இன்டர்நெட்டில் வெளியிட்டார்கள். அறிவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், 'ஆக்சியல் சீமவுண்ட்' என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.