‘திரும்பு’ன்னு சொன்னா திரும்பிடுச்சுன்னு அர்த்தமா?

அனகாபுத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி கேட்கிற சத்தம் என் மாடல் ரயில். ஹெச்.ஓ. சைஸ், அதாவது நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு.

தண்டவாளம் ரெண்டாகப் பிரியுற இடத்துக்குப் பாயிண்ட்னு பேர். அங்கே கூரான நுனி உள்ள ரெண்டு தண்டவாளங்கள் பக்கவாட்டில் நகர்ந்து, ரயில் எந்தப் பக்கம் போகணும்னு முடிவு செய்யும். கையால தள்ளி அலுத்துப்போய் ஒரு சர்வோ மோட்டாரும் ஆர்டுயினோ போர்டும் வெச்சேன். பட்டனை அழுத்தினா பாயிண்ட் திரும்பும், சிக்னல் பச்சையாகும்.

ஒருநாள் சிக்னல் பச்சை. ஆனா ரயில் கவிழ்ந்துடுச்சு. குனிஞ்சு பார்த்தா, நுனியில் ஒரு பொடிக்கல் சிக்கியிருக்கு. சாதாரண சர்வோ கட்டளையை வாங்கிக்கும். நகர்ந்து முடிச்சேனா இல்லையான்னு திருப்பிச் சொல்லாது.

இப்போ ரெண்டு பக்கமும் ஒரு மைக்ரோ ஸ்விட்ச். நுனி முழுசா வந்து ஒட்டினாத்தான் அது அழுந்தும். பட்டனைத் தொட்டதுமே சிக்னல் சிவப்பு. ரெண்டு விநாடியில் ஸ்விட்ச் பதில் சொன்னா பச்சை, சொல்லலைன்னா சிவப்புதான்.

நிஜ ரயில்வேயிலும் இதே கொள்கைதான். நுனியில் 5 மி.மீ. தடை இருந்தாலே பாயிண்ட் பூட்டிக்கக் கூடாது. அந்தத் தடையை வெச்சே சோதிப்பாங்க.

ஆனா, பதில் சொல்ற ஒயரே தப்பா இருந்தா?

2023 ஜூன் 2. சென்னைக்கு வந்துட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில் மெயின் லைனுக்குப் பச்சை. பாயிண்ட் திரும்பியிருந்ததோ லூப் லைனுக்கு. அங்கே சரக்கு ரயில் நின்னுட்டிருந்தது. 290 பேருக்கு மேல் இறந்துபோனாங்க. சிக்னல் சர்க்யூட்டில் செஞ்ச மாற்றங்களில் நடந்த தவறுகளே காரணம்னு பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது.

அதைப் படிச்ச பிறகு எனக்கு ஒரு பழக்கம். ஒரே ஒரு ஒயரைத் தொட்டாலும், ஒவ்வொரு பாயிண்ட்டையும் ரெண்டு பக்கமும் திருப்பி, விளக்கு காட்டுறதும் தண்டவாளம் நிக்கிறதும் ஒண்ணுதானான்னு கண்ணால பார்ப்பேன். பத்து நிமிஷ வேலை. என் ரயில்ல யாரும் பயணம் பண்றதில்லை, இருந்தாலும் பார்ப்பேன்.

நீங்க எதை ஆட்டோமேட் பண்ணாலும் சரி, கட்டளை அனுப்புறது பாதி வேலை. நடந்துச்சான்னு பார்க்கிறதுதான் மீதி. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.