பூட்டும் உங்கள் வீட்டில், சாவியும் உங்கள் வீட்டில்

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே சென்றால், நாவலூரைத் தாண்டியதும் சிறுசேரி வரும். சிப்காட் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை பார்க்கும் பல்லாயிரம் பேரில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அருகில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு; படம் பார்க்கலாம் என்று கணிப்பொறியைத் திறக்கிறீர்கள். அதில் இருப்பது லினக்ஸ். சந்தாப் பணம் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். ஆனாலும் திரையில் படம் வரவில்லை. "பாதுகாக்கப்பட்ட உள்ளடக்கத்தை இயக்க இயலாது" என்ற பொருளில் ஓர் அறிவிப்புதான் வருகிறது. எப்படியோ அதைச் சரிசெய்தால் படம் ஓடுகிறது, ஆனால் மங்கலாக. அதே படம், அதே சந்தா, அதே இணைய இணைப்பு; உங்கள் கைபேசியிலோ பளிச்சென்று தெரிகிறது! இது ஏன்?

லினக்ஸுக்குத் திறமை போதாது என்று எண்ணிவிட வேண்டாம். படங்களைச் சேமித்து அனுப்பும் பெருங்கணிப்பொறிகளில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளச் சங்கேதக் கலையைச் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும்.

இணையவழி வரும் படம் ஒரே நீண்ட கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றாக வருகிறது. அத்துண்டுகள் ஏ.இ.எஸ். என்ற முறையில் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். திறப்பதற்கு 128 பிட் நீளமுள்ள ஒரு சாவி தேவை. இத்தகைய சாவிகள் எத்தனை இருக்கக்கூடும் தெரியுமா? அந்த எண்ணை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது எவராலும் ஆகாத காரியம். ஆகவே சாவி உங்களிடம் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் படம் இல்லை.

சாவி வரும் வழி இது. முதல் துண்டைப் பார்த்ததும் உலாவி, அது பூட்டப்பட்டிருப்பதை உணர்கிறது. தன்னோடு இணைந்திருக்கும் ஒரு சிறு நிரலிடம் அதை ஒப்படைக்கிறது. 'திறப்பான்' என்று அதற்குப் பெயரிட்டுக்கொள்வோம். திறப்பான் ஒரு விண்ணப்பம் எழுதுகிறது. அதை உலாவி படநிறுவனத்தின் உரிமக் கணிப்பொறிக்குக் கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து சாவி திரும்பி வருகிறது. ஆனால் வெறும் கையோடு அன்று, இன்னொரு பெட்டிக்குள் பூட்டப்பட்டு வருகிறது. அப்பெட்டியைத் திறக்கத் தெரிந்தது அந்தத் திறப்பான் ஒன்றுதான். தபால்காரர் கடிதத்தைச் சுமந்தாலும் படிக்க முடியாததுபோல, உலாவி சாவியைச் சுமக்கிறதே தவிரப் பார்ப்பதில்லை. இவ்வாறு உரிமம் கொடுத்துக் காக்கும் ஏற்பாட்டைத்தான் டி.ஆர்.எம். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளில் லினக்ஸில் பயன்படும் திறப்பானின் பெயர் வைட்வைன். அந்நிறுவனத்தைக் கூகுள் 2010-இல் வாங்கியது.

இங்கேதான் சுவையான சிக்கல் தொடங்குகிறது. சிறுசேரியிலேயே சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. 1989-இல் தோன்றி, 2005-இல் இவ்வளாகத்துக்கு வந்த நிறுவனம் அது. சங்கேதக் கணிதம் பயிலும் எந்த மாணவரும் முதல் நாளே கேள்விப்படும் ஒரு விதி உண்டு. ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883-இல் வகுத்தது. பூட்டின் அமைப்பு முழுவதும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் பாதகமில்லை. சாவி ஒன்று மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்பதே அது. கடிதம் எழுதுபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், இடையே ஒட்டுக்கேட்கும் எதிரி மூன்றாமவர். ஏ.இ.எஸ். முறையின் ஒவ்வோர் அடியும் அச்சிட்டு வெளியிடப்பட்டதுதான். வங்கிக் கணக்கு முதல் வாட்ஸ்அப் செய்தி வரை இந்த ஏற்பாட்டை நம்பித்தான் நடக்கின்றன.

படத்தின் கதை அப்படியா? படத்தைப் பெறுபவர் நீங்கள். நகலெடுத்துவிடுவீர்களோ என்று படநிறுவனம் அஞ்சுவதும் உங்களைத்தான். பெறுபவரும் எதிரியும் ஒருவரே! பூட்டிய பெட்டியையும் அதன் சாவியையும் உங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு, சாவி இருக்குமிடம் உங்களுக்குத் தெரியக்கூடாது என்றால் எப்படி? கெர்க்காஃப்ஸின் விதி இங்கே துணைக்கு வராது. சாவியை ஒளிப்பதற்குப் பூட்டின் அமைப்பையே ஒளிக்க வேண்டியதாகிறது. ஆகவே திறப்பானின் மூலநிரலை வெளியிட மாட்டார்கள்.

லினக்ஸின் குணமோ இதற்கு நேர் எதிரானது. அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் மாற்றவும் கூடியது. நமக்கு அந்நியமானதன்று அது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், தமிழக அரசு 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தின் கணிப்பொறிகளில் விண்டோஸுடன் சேர்த்து வழங்கப்பட்டது. இத்தகைய கணிப்பொறியில் எசமானர் நீங்களே. நினைவகத்தில் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் அதிகாரமும் உங்களுக்கு உண்டு. படநிறுவனத்துக்கு உறுத்துவது இந்த அதிகாரந்தான்.

அதனால் அவர்கள் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். வைட்வைனில் எல்1 என்ற நிலையில், சாவியைக் கையாள்வது, துண்டைத் திறப்பது, படமாக விரிப்பது எல்லாமே சில்லுக்குள் இருக்கும் ஒரு தனிக் காப்பறையில் நடக்கின்றன. இயங்குதளமே அதற்குள் நுழைய முடியாது. எல்3 நிலையில் அவ்வறை கிடையாது. எல்லாம் சாதாரண நினைவகத்தில், சாவியைக் கணக்குகளுக்குள் கலைத்துப் போட்டு மறைக்கும் தந்திரத்தோடு நடக்கும். அத்தந்திரம் முறியடிக்கப்பட்டதாக 2019-இல் ஓர் ஆராய்ச்சியாளர் அறிவித்தார். மேசைக் கணிப்பொறி லினக்ஸ் உலாவிகளுக்கு வழக்கமாகக் கிடைப்பது இந்த எல்3 தான். மிகத் தெளிவான பிரதியை எல்3 சாதனங்களுக்கு அனுப்புவதில்லை என்று பல நிறுவனங்கள் வைத்துக்கொண்டுள்ளன. உங்கள் படம் மங்கியதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் கைபேசியில் எப்படித் தெளிவாக வந்தது? ஆண்ட்ராய்டின் கருவும் லினக்ஸ்தான் அல்லவா! ஆம். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதன் தொடக்க நிரல் பூட்டப்பட்டிருக்கிறது. சில்லில் காப்பறையும் இருக்கிறது. அப்பூட்டைத் திறந்து, வேறு இயங்குதளம் ஏற்ற ஆயத்தமானால், பல கைபேசிகள் எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கிவிடும். சில்லும் அதுவே, திரையும் அதுவே. எசமானர் மட்டும் மாறிவிட்டார். லினக்ஸ் என்ற பெயர் இங்கே குற்றவாளியன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இந்தச் சண்டை புதிதன்று. டி.வி.டி. தட்டுகளுக்கு 40 பிட் சாவியுள்ள பூட்டு ஒன்று இருந்தது. லினக்ஸில் அத்தட்டுகளை ஓட்ட உரிமம் பெற்ற நிரல் இல்லாதிருந்த 1999-இல், அதை முறிக்கும் 'டிசிஎஸ்எஸ்' நிரல் வெளிவந்தது. அதில் பங்குகொண்ட நார்வே நாட்டுச் சிறுவர் ஜான் லெக் ஜோஹன்சனுக்கு அப்போது 15 வயது. அவர்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். தாம் வாங்கிய தட்டைத் தாம் பார்ப்பது குற்றமாகாது என்று 2003-இல் அவர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

நம் நாட்டில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் தடுக்காத செயலுக்காகச் செய்தால் அப்பிரிவு பொருந்தாது. முறையாகப் பெற்ற பிரதியைக் கொண்டு சங்கேத ஆராய்ச்சி செய்யவும் விலக்கு இருக்கிறது. பல நாட்டுச் சட்டங்களைவிட இது நிதானமானது என்பது என் கருத்து.

உலாவிக்கும் திறப்பானுக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தைக்கு ஒரு பொது விதி வேண்டுமா என்று டபிள்யூ3சி என்னும் வலைத்தர அமைப்பில் பெரும் வாதம் நடந்தது. 108 உறுப்பினர்கள் ஆதரித்தனர். 57 பேர் எதிர்த்தனர். 20 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். 2017 செப்டம்பர் 18 அன்று ஈ.எம்.இ. என்ற அவ்விதி ஏற்கப்பட்டது. குறைகளை ஆராய்ந்து வெளியிடுவோர்மீது வழக்குப் போடுவதில்லை என்ற உறுதிமொழியைக் கேட்டுக் கிடைக்காத எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன், அன்றே அமைப்பிலிருந்து விலகியது.

சரி, சிறுசேரி அறைக்குத் திரும்புவோம். உங்கள் லினக்ஸில் குரோம் இருந்தால் திறப்பான் அதனுடனேயே வந்திருக்கும். அதன் திறந்த மூலநிரல் வடிவமான குரோமியத்தில் வழக்கமாக இராது. பெயர் ஒற்றுமையில் ஏமாற வேண்டாம். ஃபயர்பாக்ஸ் 2016-இல் வெளிவந்த 49-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸிலும் வைட்வைனை ஏற்கிறது. ஆனால் உங்கள் சம்மதத்தைக் கேட்கும். அமைப்புகள் பக்கத்தில் டி.ஆர்.எம். என்று குறித்த கட்டத்தில் குறியிட்டால் திறப்பானைத் தானே இறக்கிக்கொண்டு, தன் மற்ற பகுதிகளை அணுகவிடாமல் ஒரு தனிக் கூண்டில் வைத்து இயக்கும். அந்தக் கூண்டின் மூலநிரலை நீங்கள் படிக்கலாம். கூண்டுக்குள் இருப்பதன் கோப்பும் உங்கள் வட்டில்தான் இருக்கும். அதன் அளவைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் நீக்கலாம், மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அதன் மூலநிரல் மட்டும் உங்களுக்குக் கிடைக்காது.