கண்மாய்க்கரையில் ஒரு மைக்

கண்மாய்ப் பாசன விவசாயிகளின் சங்கத்துக்கு மதுரையின் தானம் அறக்கட்டளை வைத்த பெயர் வயலகம். அந்த அறக்கட்டளை நடத்தும் ஒரு சமுதாய வானொலிக்கும் ‘வயலக வானொலி’ என்றுதான் பெயர். இப்படிப்பட்ட நிலையங்களில் மடை திறக்கும் கையும் மைக் பிடிக்கலாம். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள், வியர்வையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்! நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர்மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது 2006-இலிருந்து உள்ள விதி. ஒலிபரப்பானதை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும்.

மேற்பார்வை யார்? ஆலோசனை, உள்ளடக்கக் குழு. 2024 நெறிமுறைப்படி அதில் பாதிப்பேராவது உள்ளூர்க்காரர்கள். குழுவில் பாதிப்பேராவது பெண்கள்.

ஒலிபரப்பு எட்டுவது சுமார் 10 கிலோமீட்டர்தான். தப்பாக ஏதாவது பேசிவிட்டால், மறுநாள் டீக்கடையிலேயே பிடித்துக் கேட்டுவிடுவார்கள்.