வன்னிக் கோடையில் ஏழு நாட்கள்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். தமிழ் கற்கும் மாணவர் யாவரும் இதனை மனனஞ் செய்திருப்பர். யானும் நெடுங்காலமாக இதனைக் கற்பித்து வருகின்றேன். ஆயினும், வன்னியிலே இதனைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கார்காலத்துக்கு உரியவை எனப்படும் ஆவணி, புரட்டாசி மாதங்களிலேதான் எங்கள் குளங்கள் அடிமண் வெடித்துக் கிடக்கும். முன்பனிக்கு உரியதாகிய மார்கழியிலே வெள்ளம் வரும். 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பிற்பகுதியிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்ததும் மார்கழியிலேயாம்.

இலக்கணம் பிழைத்ததோ எனின், அன்று. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று வகுத்தவர் தொல்காப்பியர். நிலம் வேறாயின் பொழுதின் ஒழுக்கும் வேறாதல் இயல்பு. எனவே, வன்னி நிலத்தின் பொழுதை வன்னி நிலத்திலேயே கற்றல் வேண்டும். அங்ஙனம் யான் கற்ற ஒரு வாரத்தை ஈண்டு எழுதுகின்றேன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகள் ஆண்டு மழை 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த உலர் வலயத்தைச் சேர்ந்தவை. அம்மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடிவதற்குள் பெய்துவிடும். அந்நீரைத் தேக்கி வைத்துக் கோடையைக் கடப்பதே வன்னி மக்களின் வாழ்வு. கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கிக் கட்டப்பெற்ற இரணைமடு முதல், காட்டோரத்துச் சிறுகுளம் வரை எல்லாம் இதன்பொருட்டு எழுந்தவையே. மாரியில் விளைவது காலபோகம். குளத்திலே எஞ்சிய நீரைக் கொண்டு கோடையில் விளைவிப்பது சிறுபோகம். எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்து நீர்மட்டமே தீர்மானிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், வைகாசி பிறந்த முதல் வாரம். இரணைமடுவுக்குத் தெற்கே, ஒரு சிறுகுளத்தின் கீழ்க் கமஞ்செய்யும் என் உறவினர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். எழுபது வயதைக் கடந்தவர். யான் பெரியப்பா என்று அழைப்பேன். பள்ளவயலில் நெல் விதைத்தாயிற்று. மேட்டுவயல் நான்கு ஏக்கர் தரிசாகக் கிடந்தது. அதிலும் நெல்லே விதைக்க வேண்டுமென்று அவர் மகன் கடன்பட்டு விதைநெல் வாங்கி வைத்திருந்தார்.

திங்கட்கிழமை காற்று என்பதே இல்லை. பாலை மரத்தின் ஓர் இலைகூட அசையாத புழுக்கம். பிற்பகலிற் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் முகில் திரண்டு முழங்கிற்று, துளி விழவில்லை. செவ்வாய்க்கிழமை அம்முகில் எம்மிடம் வந்தது. அரை மணி நேரம் பெய்த மழையிற் குளத்தின் ஒரு கரை நனைந்தது. மறுகரையிற் புழுதி அடங்கவில்லை. புதன்கிழமை காலையிற் கொடும்வெயில்; மாலையில் இடியுடன் பெருமழை. வாய்க்காலிற் செந்நீர் ஓடிற்று. மகனின் முகம் மலர்ந்தது. விடிந்ததும் உழவு இயந்திரத்தை இறக்குவதாகச் சொன்னார். பெரியவர் வானத்தை நோக்கியவாறே, "தம்பி, இது வெக்கை தணிக்க வந்த மழை. இதை நம்பி விதைக்காதே. காற்று எந்தப் பக்கம் நிற்கிறதென்று இரண்டு நாள் பார்" என்றார்.

வியாழக்கிழமை முழுதும் மூடுமுகிலும் தூறலுமாகவே கழிந்தது. மகன் பொறுமையிழந்து முற்றத்தில் உலவினார். வெள்ளிக்கிழமை விடியலிற் குளக்கட்டிலே நின்றபோது, தென்மேற்கிலிருந்து வந்த காற்று என் சால்வையை இழுத்தது. உயரத்திலே வெண்முகில்கள் விரைந்தோடின. "சோளகம் பிடித்துவிட்டது" என்றார் பெரியவர். சனிக்கிழமை அக்காற்று இரவிலும் ஓயவில்லை. புதன்கிழமை சேறாயிருந்த மேட்டுவயல் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் மேற்பொருக்குக் கட்டிவிட்டது.

மேட்டுவயலிற் பயறு போட்டார்கள். விதைநெல்லைப் பெரும்போகத்துக்கென்று கட்டி வைத்தார்கள். சோளகம் ஆவணி வரை வீசிற்று. குளம் நாளுக்கு நாள் சுருங்கிற்று. பள்ளவயல் நெல்லுக்கு மட்டும் அளவாக நீர் இருந்தது. நான்கு ஏக்கரிலும் நெல் விதைத்திருந்தால், இரு வயலும் ஒருங்கே கருகிக் கடன் மட்டுமே எஞ்சியிருக்கும்.

பெரியவர் கண்டது யாது? சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் ஞாயிறு வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். நிலம் காய்ந்து, அதன்மேலுள்ள காற்று வெதும்பி மேலெழும். கிழக்குக் கடலிலிருந்தும் மேற்குக் கடலிலிருந்தும் ஈரக்காற்று உள்ளே புகுந்து இடைநிலத்திற் சந்திக்கும். அதனாற் பிற்பகலில் இடிமழை தோன்றும். இதனையே வளிமண்டலவியலார் இடைப்பருவ மழை என்பர்; எம்மவர் சிறுமாரி என்பர். இம்மழை திட்டுத் திட்டாகப் பெய்யும். பின்னர்த் தென்மேல் பருவக்காற்று வலுப்பெறும். அது தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, எம்மிடம் வறண்ட காற்றாக வந்து சேரும். அது நிலைத்தபின் பெருமழையை எதிர்பார்த்தல் வீண்.

நிற்க. பழந்தமிழில் வாடை வடகாற்று, தென்றல் தென்காற்று, கொண்டல் கீழ்காற்று, கோடை மேல்காற்று. கோடை என்பது காற்றின் பெயராகவும் வெம்மைப் பருவத்தின் பெயராகவும் வழங்கியதன் பொருத்தத்தை வன்னியில் வாழ்வோர் எளிதில் உணர்வர். இங்கே வறண்ட பருவத்தைக் கொணர்வதே அப்பக்கத்துக் காற்றுத்தான். சோளகம், கச்சான் என்னும் சொற்களை எம் கமக்காரரும் கடற்றொழிலாளரும் இன்றும் வழங்குகின்றனர். சோளகத்திலே முல்லைத்தீவுக் கடல் அமைதியுறும் என்பதும், வாடையிலே கொந்தளிக்கும் என்பதும் அவர்க்குப் பாலப் பாடம்.

இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வயல்வரம்பிலே சென்றது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். பின்னர் முகாம்களிலே வளர்ந்த சிறார்க்கு வரம்பும் இல்லை, குளக்கட்டும் இல்லை. மீளக் குடியமர்ந்த குடும்பங்களிற் சொல்லித்தர முதியோர் இல்லாத வீடுகள் பல. இன்று கைத்தொலைபேசி மாவட்டத்துக்கு மழை உண்டு என்று அறிவிக்கின்றது, அது பயனுடையதே. ஆயினும், அம்மழை குளத்தின் எக்கரையில் விழும் என்பதையும், அதை நம்பி விதைக்கலாமா என்பதையும் அறிய உள்ளூர்க் கண் ஒன்று வேண்டும்.

ஆசிரிய அன்பர்க்கு ஒரு விண்ணப்பம். பெரும்பொழுது ஆறினையும் குறைவறக் கற்பியுங்கள். அதனுடன், மாணவர் ஒவ்வொருவரையும் ஓராண்டு முழுதும் ஒரு குறிப்பேடு வைக்கச் செய்யுங்கள். எந்நாளில் எத்திசைக் காற்று வீசிற்று, எவ்வூரில் மழை பெய்தது, குளத்து நீர் எந்தப் படியில் நின்றது என்பவற்றை அவர்கள் எழுதட்டும். காற்றின் பெயரைத் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அடுத்த வைகாசியில் மழை பெய்து, விதைநெல் மூட்டை அவிழ்க்கப்படும் வேளையில், அக்குறிப்பேடு அவர்கள் வீட்டுக்கு உதவும்.